அப்ளைடு மேத்ஸ் டிகிரி: போட்ட காசு திரும்ப வருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்துல இருந்து காலேஜ் திறக்குற வரைக்கும் மேத்ஸ் குரூப் பசங்களும் அவங்க அப்பா அம்மாவும் திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகள இங்க ஒரே இடத்துல போட்டிருக்கேன். தமிழ்நாட்டு நிலவரத்த வச்சு எழுதுனது. ஃபீஸ், தனியார் சம்பளம் மாதிரி காலேஜுக்கு காலேஜ், ஊருக்கு ஊர் மாறுற விஷயங்கள்ல தோராயமா சொல்லியிருக்கேன், அரசு நிர்ணயிச்ச தொகைகள அப்படியே குடுத்திருக்கேன்.

அப்ளைடு மேத்ஸ்னு தனியா டிகிரி இருக்கா? சாதா பி.எஸ்சி. மேத்ஸ்தானே எல்லா காலேஜ்லயும் இருக்கு?

யு.ஜி. லெவல்ல அந்தப் பேர்ல ரொம்ப குறைவு. நம்ம ஊர்ல பெரும்பாலும் பி.எஸ்சி. மேத்ஸ், கோயமுத்தூர் பக்கம் மேத்ஸ் சி.ஏ. அதாவது கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் சேர்ந்தது, அப்புறம் பி.எஸ்சி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ். அப்ளைடு மேத்தமேடிக்ஸ்ங்கற பேர் எம்.எஸ்சி.ல வரும், அண்ணா பல்கலைக்கழகத்துல ரெண்டு வருஷ எம்.எஸ்சி. இருக்கு. கோவை பி.எஸ்.ஜி. டெக்லயும் மதுரை தியாகராஜர் இன்ஜினியரிங் காலேஜ்லயும் அப்ளைடு மேத்ஸ் டிபார்ட்மென்ட்தான் அஞ்சு வருஷ இன்டக்ரேட்டட் எம்.எஸ்சி. நடத்துறாங்க, ஆனா கோர்ஸ் பேரு டேட்டா சயின்ஸ், சாஃப்ட்வேர் சிஸ்டம்ஸ்னு இருக்கும், அதனால பேர வச்சு தேடுனா நல்ல கோர்ஸ் கண்ணுல படாமலே போயிரும்.

சேர்றதுக்கு முன்னாடி சிலபஸ் டவுன்லோட் பண்ணி பாருங்க. நியூமெரிக்கல் மெத்தட்ஸ், ஆபரேஷன்ஸ் ரிசர்ச், ப்ராபபிலிட்டி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ், டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ், கூடவே ஒரு புரோகிராமிங் லேப், இது இருந்தா போதும், டிகிரிக்கு என்ன பேர் வச்சாலும் அது அப்ளைடு மேத்ஸ்தான். அலைடு பேப்பரா, அதாவது துணைப்பாடமா, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுக்க முடியுமான்னு ஆபீஸ்ல கேளுங்க, முடியும்னா அதையே எடுங்க, ஏன்னு கவர்மென்ட் எக்ஸாம் கேள்வியில சொல்றேன்.

மூணு வருஷத்துக்கு உண்மையில எவ்வளவு செலவு?

கவர்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜ்ல யு.ஜி.க்கு டியூஷன் ஃபீஸ் கிடையாது, மத்த கட்டணம் எல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு சில ஆயிரம்தான். எய்டட், அதாவது அரசு உதவி பெறும் காலேஜ்ல எய்டட் பிரிவுல சீட் கிடைச்சாலும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான். அதே காலேஜ்ல சாயங்கால ஷிஃப்ட், செல்ஃப் ஃபைனான்ஸ்னு சொன்னா வருஷத்துக்கு இருபதாயிரத்துல ஆரம்பிச்சு சென்னையில பெரிய பேர் உள்ள எடத்துல அம்பது, எழுபதுன்னு போகும், டீம்டு யுனிவர்சிட்டியில லட்சத்தையும் தாண்டும். அதே வாத்தியார், அதே லைப்ரரி, சில சமயம் அதே கிளாஸ் ரூம் கூட, ஷிஃப்ட் மாறுனதுக்கு இவ்வளவு வித்தியாசம். அதனால கவர்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜ் சேர்க்கைக்கான டி.என்.காசா போர்ட்டல்ல அப்ளை பண்ணும்போதே பக்கத்து ஊரு கவர்மென்ட் காலேஜையும் சேர்த்து போடுங்க, பஸ்ல ஒரு மணி நேரம் போய்ட்டு வர்றது சிரமம்தான், ஆனா மூணு வருஷத்துல லட்சத்துக்கு மேல மிச்சம்.

உதவித்தொகைய விட்றாதீங்க. கவர்மென்ட் ஸ்கூல்ல ஆறாவதுல இருந்து படிச்ச பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபா வருது, 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சது. பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்ட்ல இருந்து அதே 1,000. கவர்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜ்ல படிக்கிற பொண்ணுக்கு இந்தப் பணமே ஃபீஸ மூடி மேல மிஞ்சும். போர்டு எக்ஸாம்ல டாப் ஒரு சதவீதத்துல வந்த பசங்களுக்கு மத்திய அரசோட இன்ஸ்பயர் ஸ்காலர்ஷிப் வருஷத்துக்கு 80,000, பி.எஸ்சி. மேத்ஸுக்கும் உண்டு, தமிழ்நாட்டுல நிறைய பேருக்கு இது இருக்குறதே தெரியாம போறது எனக்கு ரொம்ப வருத்தம்.

ஃபீஸ் கம்மின்னா அப்போ இது சீப்பான படிப்புன்னு சொல்லலாமா?

சொல்லக் கூடாது. ஃபீஸ விட பெரிய செலவு அந்த மூணு வருஷம் சம்பாதிக்காம இருக்குறது, அத யாரும் நோட்டுல எழுதுறதில்ல.

ஒரு கணக்கு போட்டு பாக்கலாம், எண்கள் எல்லாம் சும்மா எடுத்துக்காட்டுக்கு, உங்க வீட்டு எண்கள போட்டு மாத்திக்குங்க. பிளஸ் டூ முடிச்சு நேரா வேலைக்கு போற ஒருத்தர் மூணு வருஷமும் சராசரியா மாசம் 14,000 வாங்குறார்னு வச்சுக்குவோம். 36 மாசத்துக்கு 5,04,000. காலேஜ் போற பொண்ணு அத விட்டுட்டு, ஃபீஸ், பஸ், புக்குனு 60,000 செலவும் பண்ணுது. ஆக உண்மையான விலை 5,64,000. மூணு வருஷம் கழிச்சு அந்த வேலைக்கு போனவர் சம்பளம் 16,000 ஆயிருக்கும். பொண்ணு டிகிரி முடிச்சு 20,000-க்கு சேருது. வித்தியாசம் மாசம் 4,000, வருஷத்துக்கு 48,000. போட்டது திரும்ப வர பதினொன்னே முக்கால் வருஷம்.

இதே பொண்ணு, அதே காலேஜ், அதே ஃபீஸ், ஆனா படிக்கும்போதே எஸ்.க்யூ.எல்., எக்செல், கொஞ்சம் பைத்தான், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஒழுங்கா கத்துக்கிட்டு 28,000-க்கு சேர்ந்தா வித்தியாசம் மாசம் 12,000, வருஷத்துக்கு 1,44,000. நாலு வருஷத்துக்குள்ள மொத்தமும் வந்துருது.

இந்த ரெண்டு கணக்குக்கும் நடுவுல ஃபீஸ்ல ஒரு ரூபா கூட மாறல பாருங்க. மாறினது மொத சம்பளம் மட்டும்தான். அதனாலதான் எந்த காலேஜ்ல ஐயாயிரம் கம்மின்னு அலையுற நேரத்துல பாதிய, முடிச்சு வெளிய வரும்போது கையில என்ன இருக்கும்ங்கற கேள்விக்கு குடுங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன்.

எஜுகேஷன் லோன் எடுத்து பி.எஸ்சி. மேத்ஸ் சேரலாமா?

என் அபிப்ராயம், யு.ஜி.க்கு வேண்டாம். கணக்கா காட்றேன். வருஷத்துக்கு 1,30,000 வீதம் மூணு வருஷம் லோன், வட்டி 10 சதவீதம். படிக்கிற காலமும் அதுக்கப்புறம் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம், ஆனா வட்டி ஓடிட்டே இருக்கும், சிம்பிள் இன்ட்ரஸ்ட்னு வச்சாலும் 1,17,000 ஏறிடும். 3,90,000 வாங்குனது 5,07,000 ஆகி நிக்கும். ஏழு வருஷ தவணைன்னா மாசம் கிட்டத்தட்ட 8,400, மொத்தம் ஏழு லட்சத்துக்கு மேல கட்டுவீங்க. மொத சம்பளம் 20,000, அதுல 8,400 பேங்குக்கு போயிட்டா மிச்சம் 11,600-ல சென்னையில ஹாஸ்டல் வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு என்ன அனுப்புவாங்க?

நாலு லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் கேக்க மாட்டாங்க, அதனால லோன் ஈஸியா கிடைக்கும்னு காலேஜ் ஆளுங்களே சொல்லுவாங்க. கிடைக்குறது ஈஸி, அது வேற விஷயம். பி.எஸ்சி. மேத்ஸுக்கு கவர்மென்ட், எய்டட் சீட்டு ஊருக்கு ஊர் இருக்கும்போது இந்தக் கடன் தேவையே இல்லாத கடன். நல்ல எடத்துல எம்.எஸ்சி. கிடைச்சு அதுக்கு லோன் தேவைப்பட்டா தயங்காம எடுங்க, அதுல கணக்கு சரியா வரும். வட்டிக்கு 80இ பிரிவுல வரிச்சலுகை உண்டு, எட்டு வருஷம் வரைக்கும், ஆனா பழைய வரி முறையில மட்டும்தான்.

இன்ஜினியரிங் சீட்டும் கிடைக்குது, மேத்ஸும் கிடைக்குது. எது?

ஆறாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்ச பிள்ளைன்னா மொதல்ல 7.5 சதவீத ஒதுக்கீட்ட பாருங்க. 2021-ல இருந்து அந்த ஒதுக்கீட்டுல இன்ஜினியரிங் சேர்றவங்களுக்கு டியூஷன் ஃபீஸ், ஹாஸ்டல் ஃபீஸ் எல்லாம் அரசே கட்டுது. நல்ல கவர்மென்ட் இன்ஜினியரிங் காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸோ இ.சி.இ.யோ கிடைச்சா பண கணக்குல அதுதான் ஜெயிக்கும், நான் மேத்ஸ் ஆளா இருந்தும் சொல்றேன்.

ஆனா மேனேஜ்மென்ட் கோட்டாவுல, பேரே கேள்விப்படாத காலேஜ்ல, நிலத்த வித்து சேர்க்குறதா இருந்தா நில்லுங்க. அந்த பி.இ. முடிச்ச பசங்க வாங்குற மொத சம்பளமும் பி.எஸ்சி. பசங்க வாங்குறதும் பல கம்பெனியில பெருசா வித்தியாசப்படாது, செலவு மட்டும் பத்து மடங்கு. பையனுக்கு கணக்குல உண்மையான ஆர்வமும் இருந்துச்சுன்னா கவர்மென்ட் காலேஜ்ல மேத்ஸ் படிக்க வச்சு, அந்த மிச்சமான காச எம்.எஸ்சி.க்கு வச்சிருங்க.

முடிச்ச உடனே என்ன வேலை, என்ன சம்பளம்?

பெரிய ஐ.டி. கம்பெனிகள் பி.எஸ்சி. ஆட்கள தனியா எடுக்குறாங்க. டி.சி.எஸ்.ல இக்னைட், ஸ்மார்ட் ஹயரிங்னு ரெண்டு வழி. விப்ரோவோட டபிள்யூ.ஐ.எல்.பி.ல வேலை பாத்துக்கிட்டே எம்.டெக். படிக்க வைக்கிறாங்க, அந்தப் படிப்பு செலவு கம்பெனியோடது, பதிலுக்கு இத்தனை வருஷம் விட்டுப் போகக் கூடாதுன்னு எழுதி வாங்குவாங்க. படிப்பையும் மேல கொண்டு போகணும், வீட்டுல காசும் இல்லன்னா இது நல்ல வழிதான், கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி அக்ரிமென்ட்ட முழுசா படிங்க. இதுக்கு பேர் உள்ள காலேஜ் தேவையில்ல, ஆனா கேம்பஸ் இன்டர்வியூ வர்ற காலேஜா இருக்கணும், அரியர் இருக்கக் கூடாது, பத்தாவது பன்னெண்டாவதுல இருந்து மார்க்க பாப்பாங்க.

மத்தபடி பேங்க் பேக் ஆபீஸ், இன்சூரன்ஸ் கிளெய்ம்ஸ், எம்.ஐ.எஸ். ரிப்போர்ட்டிங், எஜுடெக் கன்டென்ட் இந்த மாதிரி வேலைகள். பெரும்பாலும் மாசம் 15,000-ல இருந்து 25,000 கைக்கு வரும். எச்.ஆர். சொல்ற வருஷ தொகைய பன்னெண்டால வகுத்து அதுதான் சம்பளம்னு நெனச்சுறாதீங்க, அதுக்குள்ள பி.எஃப்., இன்சூரன்ஸ், கிராஜுவிட்டி, வருஷக் கடைசியில வந்தா வரும்ங்கற போனஸ் எல்லாம் ஒளிஞ்சிருக்கும். கைக்கு மாசம் எவ்வளவு வரும்னு நேராவே கேளுங்க, கேட்டா தப்பா நெனைக்க மாட்டாங்க.

பி.எட். முடிச்சா கவர்மென்ட் வாத்தியார் வேலை நிச்சயம்தானே?

இந்த ஒரு நம்பிக்கைதான் மேத்ஸ் பசங்களோட அதிக வருஷங்கள சாப்பிடுது, அதனால விரிவா சொல்றேன்.

பட்டதாரி ஆசிரியர் ஆகணும்னா பி.எஸ்சி., பி.எட்., டெட்ங்கற ஆசிரியர் தகுதித் தேர்வுல ரெண்டாவது பேப்பர் பாஸ், அதுக்கப்புறம் டி.ஆர்.பி., அதாவது ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்துற போட்டித் தேர்வு. அடிப்படை சம்பளம் 36,400-ல ஆரம்பிக்குது. முதுகலை ஆசிரியர்னா எம்.எஸ்சி., பி.எட்., பி.ஜி. டி.ஆர்.பி., அடிப்படை 36,900, டி.ஏ. அதாவது அகவிலைப்படி சேர்த்தா 55,000-ஐ தாண்டும். வேலை கிடைச்சா அருமையான வேலை, மரியாதை, நிம்மதி எல்லாம் உண்டு, அத நான் குறைச்சு சொல்ல மாட்டேன். ஆனா நோட்டிஃபிகேஷன் எப்போ வரும், எத்தனை இடம்னு யாராலயும் முன்கூட்டியே சொல்ல முடியாது. டெட் பாஸ் பண்ணிட்டு வருஷக்கணக்கா காத்திருக்குறவங்க ஒவ்வொரு ஊர்லயும் இருக்காங்க. அந்தக் காத்திருப்புக் காலத்துல பெரும்பாலானவங்க இருக்குறது பிரைவேட் மெட்ரிக் ஸ்கூல்ல, பத்தாயிரம் பதினஞ்சாயிரம் சம்பளத்துல, காலையில எட்டு மணியில இருந்து ஸ்பெஷல் கிளாஸ் வரைக்கும். பி.எஸ்சி. மூணு, எம்.எஸ்சி. ரெண்டு, பி.எட். ரெண்டு, ஆக ஏழு வருஷம் படிச்ச ஒருத்தர் அந்தச் சம்பளத்துல நிக்குறத பாக்கும்போது மனசு வலிக்குது.

அதுக்காக வாத்தியார் ஆகாதீங்கன்னு சொல்லல. நல்ல கணக்கு வாத்தியார் ஒருத்தர் ஒரு ஊரையே மாத்துவார். மொதல்லயே முடிவு பண்ணவங்களுக்கு மைசூர் ஆர்.ஐ.இ.ல, அதாவது ரீஜினல் இன்ஸ்டிடியூட் ஆஃப் எஜுகேஷன்ல, நாலு வருஷ பி.எஸ்சி. பி.எட். இருக்கு, தமிழ்நாட்டுப் பசங்க என்ட்ரன்ஸ் எழுதி சேரலாம், ஒரு வருஷம் மிச்சமாகும், ஃபீஸும் குறைவு. கேந்திரிய வித்யாலயா, நவோதயா எக்ஸாமும் சேர்த்து எழுதுங்க, ஒரே ஒரு டி.ஆர்.பி.ய மட்டும் நம்பி இருக்காதீங்க. பி.எட்.ட, வேற எதுவும் தோணாததுனால சேர்ற படிப்பா மட்டும் ஆக்கிராதீங்க.

காலேஜ் வாத்தியார் கணக்கு வேற. நிரந்தர உதவிப் பேராசிரியர் அடிப்படை சம்பளம் 57,700, ஆனா அதுக்கு காலேஜ் ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் இல்லாட்டி செட் இல்லாட்டி பி.எச்.டி. வேணும்.

எம்.எஸ்சி. படிச்சா சம்பளம் கூடுமா?

எங்க படிக்கிறீங்கங்கறத பொறுத்துதான் முழுக்க முழுக்க. மேல போட்ட கணக்கையே நீட்டலாம். 20,000 சம்பளத்த ரெண்டு வருஷம் விட்டா 4,80,000, செலவு 50,000, மொத்தம் 5,30,000. வேலையிலயே இருந்திருந்தா அந்த ரெண்டு வருஷத்துல சம்பளம் 23,000 ஆயிருக்கும். எம்.எஸ்சி. முடிச்சு 22,000-க்கு சேர்ந்தா போட்ட காசு எந்தக் காலத்துலயும் வராது. 50,000-க்கு சேர்ந்தா மாசம் 27,000 வித்தியாசம், இருபது மாசத்துல வந்துரும்.

அந்த ரெண்டாவது கூட்டத்துல சேரணும்னா ஐ.ஐ.டி.களுக்கு ஜாம்ங்கற எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு எழுதுங்க, மேத்ஸ் பேப்பரும் இருக்கு மேத்தமேடிக்கல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பரும் இருக்கு, பி.எஸ்சி. கடைசி வருஷம் செப்டம்பர் வாக்குல அப்ளை பண்ணி பிப்ரவரியில எழுதணும். மத்திய பல்கலைக்கழகங்களுக்கு சி.யு.இ.டி. பி.ஜி. நம்ம சிறுசேரியிலயே சென்னை மேத்தமேடிக்கல் இன்ஸ்டிடியூட், சுருக்கமா சி.எம்.ஐ., இருக்கு, 1989-ல ஆரம்பிச்சது, பி.எஸ்சி.ல மேத்ஸும் கம்ப்யூட்டர் சயின்ஸும் சேர்த்து சொல்லித் தர்றாங்க, எம்.எஸ்சி. டேட்டா சயின்ஸும் இருக்கு. நல்லா படிக்கிறவங்களுக்கு ஃபீஸ் தள்ளுபடி உண்டு.

இன்னொன்னு இந்தியன் ஸ்டாட்டிஸ்டிக்கல் இன்ஸ்டிடியூட், 1931-ல மகலனோபிஸ் கொல்கத்தாவுல ஆரம்பிச்சது. பிளஸ் டூ முடிச்சு சேர்ற பி.ஸ்டாட். கொல்கத்தாவுல, பி.மேத். பெங்களூர்ல. டியூஷன் ஃபீஸ் கிடையாது, அதுக்கு மேல மாசாமாசம் அவங்களே ஸ்டைபெண்ட் தர்றாங்க, பி.ஸ்டாட்., பி.மேத்.துக்கு 5,000, மாஸ்டர்ஸுக்கு 8,000. செலவே இல்லாம, முடிச்சதும் இந்தக் கணக்குல சொல்ற எந்தச் சம்பளத்தையும் தாண்டுற டிகிரி ஒன்னு இருக்குன்னா அது இதுதான். என்ட்ரன்ஸ் கஷ்டம், மனப்பாடம் பண்ணி தேற முடியாது, நிரூபணம் எழுதத் தெரியணும். பிளஸ் ஒன்லயே பழைய கேள்வித்தாள எடுத்து வச்சு உக்காந்தா தமிழ் மீடியம் பிள்ளையாலயும் முடியும்.

பி.எச்.டி.னா வயசு போயிருமே, வருமானம்?

ஜே.ஆர்.எஃப்.ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைச்சா மொத ரெண்டு வருஷம் மாசம் 37,000, அப்புறம் 42,000, வீட்டு வாடகைப் படி தனி. 2023 ஜனவரியில இருந்து இந்தத் தொகை. பி.எஸ்சி. முடிச்சு கம்பெனியில இருக்குற பல பேருக்கு இவ்வளவு வராது. தரமணியில கணித ஆராய்ச்சி நிறுவனமான மேட்சயின்ஸ், ஐ.ஐ.டி. மெட்ராஸ், சி.எம்.ஐ. எல்லாம் ஒரே ஊர்ல இருக்குறது சென்னைக்காரங்களுக்கு கிடைச்ச கொடுப்பினை. ஆனா ஃபெல்லோஷிப் இல்லாம, கைக்காசு போட்டு, ஏதோ ஒரு காலேஜ்ல பார்ட் டைம் பி.எச்.டி. சேர்றத யோசிச்சு செய்யுங்க.

ஆக்சுவரி ஆனா நிறைய சம்பளம்னு சொல்றாங்களே?

உண்மைதான், கணக்கு படிச்சவங்களுக்கு நேரா காசு தர்ற துறைகள்ல இது முக்கியமானது. இன்சூரன்ஸ் பிரீமியம் எவ்வளவு வைக்கணும், பென்ஷனுக்கு எவ்வளவு ஒதுக்கணும்னு ப்ராபபிலிட்டி வச்சு கணக்கு போடுறவங்க. இன்ஸ்டிடியூட் ஆஃப் ஆக்சுவரீஸ் ஆஃப் இந்தியா நடத்துற ஏ.சி.இ.டி. நுழைவுத் தேர்வ பிளஸ் டூ முடிச்சவங்களே எழுதலாம். அதுக்கப்புறம் சி.எஸ்.1, சி.எம்.1-னு வரிசையா பேப்பர் இருக்கு, ஃபெல்லோ ஆகுறதுக்குள்ள பத்துக்கு மேல எழுதணும், ஒவ்வொன்னும் கடுமையா இருக்கும், பல வருஷம் ஆகும். நல்ல விஷயம் என்னன்னா எல்லாத்தையும் முடிக்குற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், ரெண்டு மூணு பேப்பர் பாஸ் பண்ணாலே வேலைக்கு எடுப்பாங்க, சம்பளம் பேப்பருக்கு பேப்பர் ஏறும். பி.எஸ்சி. படிக்கும்போதே சி.எஸ்.1 பாஸ் பண்ண பொண்ணுக்கு, காலேஜ் எந்த ஊர்ல இருக்குன்னு யாரும் கேக்கப் போறதில்ல. செலவு பரீட்சை ஃபீஸும் புக்கும்தான், லட்சக்கணக்குல கோச்சிங் கட்டணும்னு சொல்றவங்கள நம்பாதீங்க. ஆனா வேலை மும்பை, குர்கான், பெங்களூர்னு வெளியூர்லதான் அதிகம், அதுக்கு வீடு தயாரா இருக்கணும்.

டேட்டா சயின்ஸ் கோர்ஸ் ரெண்டு லட்சம் கேக்குறாங்க, சேரட்டுமா?

வேண்டாம். மூணு மாசத்துல வேலை கேரண்டின்னு விளம்பரம் பண்றவங்ககிட்ட அந்தக் காச குடுக்காதீங்க. என்.பி.டி.இ.எல்.ல ஐ.ஐ.டி. பேராசிரியருங்க பாடமே இலவசமா இருக்கு, சர்டிஃபிகேட் வேணும்னா ஒரு பரீட்சைக்கு 1,000 ரூபா. முறையான டிகிரி வேணும்னா ஐ.ஐ.டி. மெட்ராஸோட ஆன்லைன் பி.எஸ். டேட்டா சயின்ஸ், ரெகுலர் காலேஜ் படிச்சுக்கிட்டே சேர்த்து படிக்கலாம், ஒரே நேரத்துல ரெண்டு டிகிரி படிக்க 2022-ல இருந்து யு.ஜி.சி. அனுமதி இருக்கு. முழுசா முடிக்க மூணு லட்சத்துக்கு மேல ஆகும், ஆனா குடும்ப வருமானத்தையும் சாதிப் பிரிவையும் பொறுத்து 75 சதவீதம் வரைக்கும் தள்ளுபடி உண்டு, நடுவுல ஃபவுண்டேஷன், டிப்ளமான்னு எங்க வேணா நிறுத்திட்டும் வெளிய வரலாம். கவர்மென்ட் காலேஜ் பி.எஸ்சி. மேத்ஸ், கூடவே இது, இந்த ஜோடி இப்போதைக்கு தமிழ்நாட்டுல ஒரு சாதாரண குடும்பத்துப் பிள்ளைக்கு கிடைக்குற நல்ல கூட்டணின்னு நான் உறுதியா நம்புறேன். ரெண்டையும் சேர்த்து இழுக்க நேரம் வேணும், அதையும் சொல்லிடணும்.

மேத்ஸ் பசங்களுக்கு இந்தத் துறையில ஒரு சாதகம் இருக்கு. லீனியர் அல்ஜீப்ராவும் ப்ராபபிலிட்டியும் தெரிஞ்சவங்களுக்கு டேட்டாவ வச்சு கணிக்குற ரிக்ரஷன் என்ன பண்ணுதுன்னு உள்ளுக்குள்ள புரியும். டூல் மட்டும் கத்துக்கிட்டவங்க, டூல் மாறும்போது திரும்ப மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

கவர்மென்ட் எக்ஸாம்ல மேத்ஸ் டிகிரிக்குன்னு தனியா ஏதாவது இருக்கா?

இருக்கு, அதுல பெரும்பாலானது ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர் படிச்சிருக்கணும்னு கேக்கும். யு.பி.எஸ்.சி. நடத்துற இந்தியன் ஸ்டாட்டிஸ்டிக்கல் சர்வீஸ், குரூப் ஏ, அடிப்படை 56,100, டிகிரியில ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஒரு பாடமா இருக்கணும். எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல்.ல ஜூனியர் ஸ்டாட்டிஸ்டிக்கல் ஆபீசர், அடிப்படை 35,400, இதுக்கு டிகிரியில ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இருக்கணும், இல்லன்னா பிளஸ் டூ மேத்ஸ்ல 60 சதவீதம். இதுக்குத்தான் அலைடு பேப்பர பத்தி மேலயே சொன்னேன். பதினெட்டு வயசுல அலைடு பிசிக்ஸா ஸ்டாட்டிஸ்டிக்ஸான்னு யோசிக்காம டிக் அடிச்சது, இருபத்தி மூணு வயசுல அப்ளிகேஷன் நிராகரிக்கும்போதுதான் உறைக்கும்.

பேங்க் பி.ஓ., டி.என்.பி.எஸ்.சி. எல்லாம் எந்த டிகிரிக்கும் பொதுதான், ஆனா குவான்ட், அதாவது கணக்குப் பகுதியில நம்ம ஆளுங்க முன்னாடி நிப்பாங்க. பேங்க் பி.ஓ. அடிப்படை 48,480. இங்கிலீஷ்லதான் மார்க் விடுறாங்க, மூணு வருஷமும் தினம் பேப்பர் படிச்சாலே அது சரியாகும்.

வெளிநாட்டுல எம்.எஸ். பண்ணா?

ஜெர்மனியில பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள்ல டியூஷன் ஃபீஸ் இல்ல. பாடன் வுர்ட்டம்பர்க் மாநிலத்துல மட்டும் நம்மள மாதிரி வெளிநாட்டு மாணவங்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ, மியூனிக் டெக்னிக்கல் யுனிவர்சிட்டியும் இப்ப வாங்குது. ஆனா விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்ட்ல 11,904 யூரோ காட்டணும், நம்ம காசுக்கு பத்து லட்சத்துக்கு மேல. அது உங்க காசுதான், மாசம் 992 யூரோவா உங்களுக்கே திரும்ப வரும். கைசர்ஸ்லாட்டர்ன்ல தொழிற்சாலைக்கான கணக்குக்குன்னே பேர் போன இடம் இருக்கு, தேடி பாருங்க.

அமெரிக்காவுல எம்.எஸ்.க்கு வீட்ட அடமானம் வச்சு அம்பது லட்சம் கடன் வாங்குறது எனக்கு பயமா இருக்கு, விசா விதி ஒரு தடவ மாறுனா மொத்தக் கணக்கும் கவுந்துரும். அங்க போகணும்னா பி.எச்.டி.க்கு நேரா அப்ளை பண்ணுங்க, மேத்ஸ் டிபார்ட்மென்ட்ல பாடம் நடத்துற பொறுப்பு குடுத்து ஃபீஸையும் தள்ளுபடி பண்ணி செலவுக்கும் பணம் தருவாங்க.

பொண்ணுக்கு மேத்ஸ்தான் பாதுகாப்பான படிப்புன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. கல்யாணம் வரைக்கும் படிக்கட்டுமே?

இப்படி நெனச்சு சேர்த்தா மேல போட்ட கணக்குல அந்தப் பதினொன்னே முக்கால் வருஷக் கதைதான் நடக்கும், ஏன்னா அந்த மூணு வருஷத்துல வேற எதையும் கத்துக்க வீட்டுல யாரும் தூண்ட மாட்டாங்க. கவர்மென்ட் காலேஜ் மேத்ஸ் கிளாஸ் போய் பாருங்க, பெரும்பாலும் பொண்ணுங்கதான், நல்லா படிக்கிறதும் அவங்கதான். கேம்பஸ்ல வேலை கிடைச்சும் சென்னைக்கு அனுப்ப மாட்டோம்னு நிறுத்துற வீடுகள் இன்னும் இருக்கு. சேர்க்குறதுக்கு முன்னாடியே பொண்ணுகிட்ட உக்காந்து பேசி, வெளியூர் வேலைக்கும் வெளியூர் எம்.எஸ்சி.க்கும் அனுப்புவோம்னு வாக்கு குடுங்க. அந்த வாக்குக்கு மதிப்பு போட்டா நீங்க கட்டுற ஃபீஸ விட பல மடங்கு வரும்.

பையன் மேத்ஸ்ல சுமார்தான், 60 மார்க். சேர்க்கலாமா?

மார்க் 60-ங்கறது பிரச்சனையே இல்ல, பிடிக்கலன்னாதான் பிரச்சனை. ரெண்டாவது வருஷம் ரியல் அனாலிசிஸ் வரும்போது பிளஸ் டூ மாதிரி ஃபார்முலா போட்டு விடை எடுக்குற வேலை இருக்காது, ஏன் இது உண்மைன்னு எழுதணும். பிடிக்காத பசங்க அங்கதான் அரியர் வச்சு நிக்குறாங்க, ஒரு அரியர் கேம்பஸ் வாய்ப்பையே பறிச்சுரும். கணக்கு பிடிக்கல, கம்ப்யூட்டர் பிடிக்கும்னா பி.சி.ஏ. இல்லாட்டி பி.எஸ்சி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பாருங்க.

படிக்கும்போதே ஏதாவது சம்பாதிக்க வழி?

டியூஷன். வேற எந்த டிகிரிக்கும் இல்லாத வசதி இது. பத்தாவது பசங்க ஆறு பேர் கிடைச்சா, தலைக்கு 500-னு வச்சாலும் மாசம் 3,000, மூணு வருஷ ஃபீஸ், பஸ், புக்கு மொத்தமும் அதுலயே முடிஞ்சுரும். சின்ன ஊர்ல தலைக்கு அதுக்கும் கம்மியாதான் குடுப்பாங்க, சென்னையில அதிகம். சாயங்காலம் ரெண்டு மணி நேரத்துக்கு மேல போகாம பாத்துக்குங்க, மூணாவது வருஷம் நவம்பர்ல இருந்து ஜாம் எழுதுற பிப்ரவரி வரைக்கும் நிறுத்தி வச்சிருங்க, டியூஷன் பசங்கள அந்த நாலு மாசம் ஜூனியர் யார்கிட்டயாவது விட்டுட்டா பிள்ளைங்களுக்கும் பாடம் நிக்காது, அந்த ஜூனியருக்கும் கையில காசு வரும்.